பாம்புக் கூண்டில் சூடு சரியில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழி

மண்டபம், உச்சிப்புளி, கீழக்கரை பக்கம் பால் பைத்தான் (ball python), கார்ன் ஸ்னேக் என்ற வெளிநாட்டுப் பாம்புகளை வளர்ப்பவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஆனால் அவர்களிடமிருந்து வரும் புகார் மட்டும் மாறுவதில்லை: "அண்ணே, ஹீட்டர் சரியா வேலை செய்யல." போய்ப் பார்த்தால் ஹீட்டர் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சூட்டை உணரும் ஒயர் முனையான ப்ரோப் இடம் மாறியிருக்கும், பிளக் பின்னில் உப்பு ஏறியிருக்கும், இல்லையென்றால் அந்த வாரத்துக்கு ஹீட்டரே தேவைப்பட்டிருக்காது. குளிர்நாட்டுக்காரர்கள் சொல்லும் அளவை அப்படியே எடுத்துக்கொண்டு வருடம் முழுக்க ஹீட்டரை ஓட்டுவதுதான் இங்கே பாதிப் பிரச்சினை. நம் கரையில் குளிரால் கெட்ட பாம்பைவிடச் சூட்டால் கெட்ட பாம்புதான் அதிகம் என்பது என் எண்ணம்.

அளவுகளை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பால் பைத்தானுக்குச் சூடான மூலை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், மறுமூலை 26 சுற்றி, இரவில் 24-க்குக் கீழே போகாமல் இருந்தால் போதும். கார்ன் ஸ்னேக்குக்குச் சூடான மூலை 29 முதல் 31, மறுமூலை 22 முதல் 25. மே மாதத்தில் அந்த 25-ஐ இங்கே பிடிப்பது லேசில்லை. கார்ன் ஸ்னேக் வளர்ப்பவர் ஹீட்டர் வாங்கும் காசில் நல்ல ஃபேன் ஒன்று வாங்கலாம்.

கையில் இருக்க வேண்டியவை: தெர்மோஸ்டாட்டோடு (வைத்த அளவு வந்ததும் ஹீட்டரை நிறுத்தும் கன்ட்ரோலர்) சேராத தனி டிஜிட்டல் தெர்மாமீட்டர், தரைச் சூட்டை அளக்கும் துப்பாக்கி தெர்மாமீட்டர், டெஸ்டர், மல்டிமீட்டர். கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டிய துப்பாக்கி இதற்கு ஆகாது. அது உடல் சூட்டுக்கென்றே கணக்குப் போட்டுக் காட்டுவது.

இன்னொன்று. சாரை, மண்ணுளி, நம் மலைப்பாம்பு என்று உள்ளூர்ப் பாம்பு எதையும் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வைத்திருக்கக் கூடாது. பால் பைத்தான், அரிய உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற உலக ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள இனம். 2024-ல் வந்த விதிகளின்படி அதை மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிந்திருக்க வேண்டும். பதியாதவர் ஹீட்டரை அப்புறம் பார்க்கலாம், முதலில் அதை முடியுங்கள்.

எந்தச் சோதனைக்கும் முன்னால் பாம்பை எடுத்து, காற்றுத் துளை போட்ட மூடி டப்பாவில் வைத்துவிடுங்கள். விளக்கைப் பார்ப்பது போல ஓடும்போதே செய்ய வேண்டிய சோதனை தவிர, ஒயரையோ ஹீட்டரையோ தொடும் முன் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். கருகல் வாடை வந்தாலோ, பிளக் கை வைக்க முடியாமல் சுட்டாலோ, சாக்கெட்டில் பழுப்புத் தடம் தெரிந்தாலோ மேற்கொண்டு எதையும் சோதிக்க வேண்டாம். மெயினை இறக்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 1: வைத்த அளவைத் தாண்டிச் சூடு ஏறுகிறது

முதலில் பார்க்க வேண்டியது, ஹீட்டருக்குக் கரன்ட் போவதைக் காட்டும் தெர்மோஸ்டாட் விளக்கு. அதை வைத்துத்தான் வழி பிரியும்.

### விளக்கு அணைந்திருக்கிறது, ஹீட்டரும் ஆறியிருக்கிறது

அப்படியென்றால் கோளாறு அறையில். தெர்மோஸ்டாட் சூட்டை நிறுத்தத்தான் செய்யும், குளிர்விக்காது. கூண்டு மாடி அறையிலோ, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழேயோ, காலை வெயில் விழும் கிழக்கு ஜன்னல் ஓரத்திலோ இருக்கிறதா என்று பாருங்கள். வெயில் நேராகப் படும் கண்ணாடித் தொட்டி சீக்கிரமே தாங்க முடியாத சூட்டுக்குப் போய்விடும்.

கூண்டைக் கீழ்த்தளத்து அறைக்கு மாற்றுங்கள். ஹீட்டரைப் பிளக்கோடு எடுத்துவிடுங்கள். பாம்பு முழுதாகப் படுக்கும் அளவுக்குத் தண்ணீர்ப் பாத்திரம் வையுங்கள். மதியம் கடல்காற்று திரும்பியதும் ஜன்னலைத் திறந்தால் அறை தானாக இறங்கும். அது போதவில்லையென்றால் உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி, வலை மூடியின் ஒரு பக்கத்தில் மட்டும் வைக்கலாம். பாம்பை ஐஸ் தண்ணீரில் போடும் வேலை வேண்டாம். இவ்வளவுக்கும் பிறகு குளிர்ந்த மூலையே 35-ஐத் தொட்டால், அந்த வீட்டில் அந்த மாதத்துக்கு ஏசி அறைதான் வழி.

### விளக்கு எரிகிறது, ஹீட்டரும் ஓடிக்கொண்டிருக்கிறது

தெர்மோஸ்டாட்டுக்குச் சூடு தெரியவில்லை. பெரும்பாலும் ப்ரோப் நழுவியிருக்கும். பாம்பு இரவெல்லாம் முட்டி முட்டி அதை வெளியே தள்ளிவிடும். வெளியே கிடக்கும் ப்ரோப் அறைச் சூட்டைத்தான் சொல்லும். அறை 28-ல் இருக்க, நீங்கள் 32 வைத்திருந்தால், ஹீட்டர் நிற்கவே நிற்காது. இது சாதாரணக் கோளாறு மாதிரி தெரிந்தாலும் பாம்புக்கு வயிறு வெந்துபோவதற்கு இதுதான் முதல் காரணம்.

தொட்டிக்கு அடியில் விரிக்கும் ஹீட் மேட் என்றால் ப்ரோப்பை மேட்டுக்கும் தொட்டியின் அடிக் கண்ணாடிக்கும் நடுவில் வெளிப்பக்கமாக வையுங்கள். பாம்பு அங்கே எட்டாது. உள்ளேதான் வைத்தாக வேண்டும் என்றால் ஒயர் கிளிப்பும் ஹாட் க்ளூவும் பயன்படுத்துங்கள். செலோ டேப், இன்சுலேஷன் டேப் எதையும் கூண்டுக்குள் ஒட்டக் கூடாது. பாம்பு அதில் ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது செதிலோடு தோல் வரும்.

ப்ரோப் இடத்தில்தான் இருக்கிறதா? சரி, மேட் இருக்கும் பக்கத்தில் தொட்டிக்குள் எவ்வளவு கனத்துக்கு நார்த்தூள் பரப்பியிருக்கிறீர்கள்? தேங்காய் நார்த்தூளை மூன்று விரல் கனத்துக்குக் கொட்டினால் சூடு மேலே வராமல் அடியிலேயே தேங்கும். மேலே தொட்டால் இதமாக இருக்கும், பாம்பு தோண்டி அடிக்குப் போனால் சுடும், சில நேரம் கண்ணாடியே விரியும். மேட் இருக்கும் பக்கத்தில் ஒரு விரல் கனத்துக்கு மேல் வேண்டாம். தொட்டிக்கு அடியில் நாலு மூலையிலும் சின்னக் கட்டை கொடுத்துக் காற்றுப் போக இடம் விடுங்கள்.

அடுத்து ஒயரிங். எஸ்டிசி 1000 போன்ற கன்ட்ரோலர்களில் சூட்டுக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என இரண்டு ரிலே (தானாக இயங்கும் சுவிட்ச்) உண்டு. ஹீட்டரைக் குளிர் பக்கத்து முனையில் மாட்டியிருந்தால் சூடு ஏற ஏற ஹீட்டர் ஓடும், குளிர்ந்ததும் நிற்கும். கடையில் சொல்லிக் கட்டி வாங்கிய பெட்டிகளில் இதைப் பார்த்திருக்கிறேன். சோதனை எளிது: ப்ரோப்பை உள்ளங்கையில் பொத்திப் பிடியுங்கள். எண் வைத்த அளவைத் தாண்டும்போது ஹீட்டர் நின்றால் சரி, அப்போதுதான் ஓடத் தொடங்கினால் ஒயர் மாறியிருக்கிறது.

### விளக்கு அணைந்திருக்கிறது, ஆனால் ஹீட்டர் இன்னும் சுடுகிறது

இதுதான் ஆபத்தானது. ரிலேயின் காண்டாக்ட் தீப்பொறியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. உறுதி செய்ய, அளவை 20-க்கு இறக்குங்கள். விளக்கு அணைந்தும், கால் மணி நேரம் கழித்து ஹீட்டர் ஆறவில்லை என்றால் அதேதான். தட்டினால் சில நேரம் விட்டுவிடும். விட்டுவிட்டதே என்று திரும்ப மாட்டாதீர்கள், மறுபடி ஒட்டும். சில நூறு ரூபாய் கன்ட்ரோலரைப் பழுது பார்ப்பதில் அர்த்தமில்லை, மாற்றிவிடுங்கள்.

மாற்றும்போதே இரண்டாவதாக ஒரு தெர்மோஸ்டாட்டை முதலாவதோடு வரிசையாக இணைத்து, அதை 36-ல் வைக்கச் சொல்லுங்கள். முதலாவது ஒட்டிக்கொண்டால் இது அறுக்கும். இரண்டுக்கும் தனித்தனி ப்ரோப் இருக்க வேண்டும். இந்த ஒயரிங்கைப் பழக்கமில்லாதவர் செய்ய வேண்டாம். எலக்ட்ரீஷியனுக்கு அரை மணி நேர வேலை.

## அறிகுறி 2: சூடே ஏறவில்லை

பிளக், சாக்கெட், எக்ஸ்டென்ஷன் பெட்டி, இந்த வரிசையில் பாருங்கள். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள வீடுகளில் பித்தளைப் பின்னில் களிம்பு பிடிப்பது சகஜம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வீட்டுக்குள்ளேயே உப்பு படியும். பிளக்கைக் கழற்றி, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து மாட்டினால் பல ஹீட்டர்கள் உயிர் பெறும். சாக்கெட்டின் உள்ளே களிம்பு என்றால் தேய்க்க முடியாது, புது சாக்கெட் போட வேண்டியதுதான்.

அப்புறம் ப்ரோப். இந்த முறை எதிர்ப்பக்கம்: அது ஹீட்டருக்கு மிக அருகில் இருக்கும். பீங்கான் ஹீட்டருக்கு நேர் கீழே நாலு விரல் தூரத்தில் தொங்கினால், கூண்டு சூடாகும் முன்பே 32 காட்டி நிறுத்திவிடும். பாம்பு படுக்கும் மட்டத்துக்கு இறக்குங்கள்.

மூன்றாவது, சூடு வெளியேறுகிறதா? வாடைக்காற்று அடிக்கும் மார்கழி, தையில் வலை மூடி வழியாக எல்லாம் போய்விடும். மூடியில் மூன்றில் இரண்டு பங்கை மறையுங்கள். ஆனால் பல்போ பீங்கான் ஹீட்டரோ இருக்கும் பக்கத்தில் துணி, தெர்மாகோல், பனை ஓலை எதுவும் கூடாது. பீங்கான் ஹீட்டரின் மேற்பரப்பு 200 டிகிரிக்கு மேல் போகும். அதற்குப் பீங்கான் ஹோல்டர்தான் மாட்ட வேண்டும், பிளாஸ்டிக் ஹோல்டர் உருகும். கம்பிக் கூடும் கட்டாயம். பாம்பு சூடானதைச் சுற்றிக்கொள்ளும். சுட்டாலும் சட்டென்று விலகாது.

நாலாவது ஓல்டேஜ். மாலையில் மட்டும் சூடு குறைந்தால் இதைச் சந்தேகப்படுங்கள். 230-க்குப் பதில் 180 ஓல்ட் வந்தால் ஹீட்டர் தரும் சூடு 60 சதவீதத்துக்கு இறங்கிவிடும். 260 வந்தால் 28 சதவீதம் கூடும். வீட்டில் ஒரு அறையில் பல்பு கண்ணைப் பறிக்க, மற்றொன்றில் மங்கினால் அது நியூட்ரல் விட்டுப்போன அடையாளம். உடனே மெயினை இறக்கிவிட்டு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987-ல் சொல்லுங்கள்.

எல்லாம் சரியென்றால்தான் ஹீட்டரையே சோதிக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கி, ஹீட்டரின் இரண்டு பின்னுக்கும் இடையில் மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். 14 வாட் மேட் சுமார் 3,800 ஓம், 28 வாட் மேட் சுமார் 1,900, 60 வாட் பீங்கான் சுமார் 880 காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே இழை அறுந்தது, புதிது வாங்குங்கள். ஓரளவு முன்பின் இருக்கலாம். பாதிக்குப் பாதி குறைந்தால் மேட்டைத் தூக்கிப் போடுங்கள். மடங்கிய மேட், தீய்ந்த புள்ளி விழுந்த மேட் அளவு சரியாகக் காட்டினாலும் வேண்டாம்.

## அறிகுறி 3: இரண்டு மீட்டரும் இரண்டு எண் சொல்கின்றன

எதை நம்புவது? இரண்டு ப்ரோப்பையும் ரப்பர் பேண்டால் ஒன்றாகக் கட்டி, நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் கலந்த டம்ளரில் முக்கிக் கலக்குங்கள். சில நிமிடத்தில் இரண்டும் 0 காட்ட வேண்டும். ஐஸுக்கு நம் கரையில் பஞ்சமில்லை, ஆனால் மீன் பெட்டியில் கிடந்த ஐஸை எடுக்காதீர்கள். உப்பு கலந்த ஐஸ் 0-க்குக் கீழே போய்விடும். குடிதண்ணீரை ஃப்ரீசரில் உறைய வைத்ததே சரி.

1 டிகிரிக்குள் வித்தியாசம் என்றால் கன்ட்ரோலரின் திருத்த அமைப்பில் சரிசெய்யலாம்; எஸ்டிசி 1000-ல் அது எஃப்4. அதற்கு மேல் என்றால் ப்ரோப்பை மாற்றுங்கள். கண்ணாடியில் ஒட்டும் வட்ட முள் மீட்டர் வைத்திருந்தால் அது சொல்வதைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம். அது ஒட்டியிருக்கும் கண்ணாடியின் சூட்டைத்தான் சொல்லும், அதையும் ஒழுங்காகச் சொல்லாது.

## அறிகுறி 4: டிரிப் ஆகிறது, அல்லது கூண்டைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது

ஷாக் அடித்தால் மெயினை இறக்கிவிட்டு எலக்ட்ரீஷியன். இதில் கிளையெல்லாம் இல்லை.

டிரிப் மட்டும் ஆனால், கூண்டின் பொருள்களை எல்லாம் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாக மாட்டுங்கள். எதை மாட்டும்போது விழுகிறதோ அதுதான். விடியற்காலையில் விழுந்து, மதியம் விழாமல் இருந்தால் உப்புப் படிவுதான் காரணமாக இருக்கும். போர்டிலும் ஹோல்டரிலும் படிந்த உப்பு இரவு ஈரத்தை இழுத்துக்கொண்டு மின்சாரத்தைக் கசியவிடும், வெயில் ஏறினால் காய்ந்து நின்றுவிடும். ஹோல்டரை மாற்றுங்கள். கன்ட்ரோலரை மூடி உள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள், கூண்டைவிட உயரத்தில் மாட்டுங்கள். ஒயர் எல்லாம் பிளக்குக்குப் போகும் முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும். வழியும் தண்ணீர் அங்கே சொட்டிவிடும்.

தெளிக்கிற தண்ணீரையும் கவனியுங்கள். நம் போர் தண்ணீரைத் தெளித்தால் காய்ந்த இடமெல்லாம் வெள்ளை பூக்கும், அந்த வெள்ளைதான் நாளைக்குக் கசிவு. காவிரித் தண்ணீரோ கேன் தண்ணீரோ போதும்.

ப்ரோப் ஒயரின் உறை கிழிந்திருந்தால் டேப் சுற்ற வேண்டாம். சில மலிவு கன்ட்ரோலர்களில் ப்ரோப் ஒயருக்கும் மெயினுக்கும் நடுவில் தடுப்பு இருக்காது, உள்ளே இருக்கும் பாம்புக்கும் கையை விடும் உங்களுக்கும் அது நேராக ஷாக் கொடுக்கும்.

இரண்டு பின் பிளக் வைத்த ஹீட்டருக்கு ஒரு தனிச் சோதனை உண்டு. தெர்மோஸ்டாட் அணைத்த நிலையில் ஹோல்டரில் டெஸ்டரை வைத்தால் எரிகிறதா? எரிந்தால் அது நியூட்ரலைத்தான் அறுக்கிறது, பேஸ் அப்படியே நிற்கிறது. பிளக்கைத் திருப்பி மாட்டினால் சில நேரம் சரியாகும். நிரந்தரமாகச் சரிசெய்ய மூன்று பின் பிளக் போட வேண்டும்.

அடிக்கடி விழுகிறதே என்று கசிவு வந்தால் கரன்டை அறுக்கும் ஆர்சிசிபியைத் தாண்டி நேர் இணைப்புக் கொடுக்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. அந்த வீட்டில் நான் கூண்டைத் தொடுவதில்லை. மணல் தரையில் எர்த் குழி காய்ந்து போவதும் இங்கே வழக்கம், எலக்ட்ரீஷியன் வரும்போது அதையும் அளக்கச் சொல்லுங்கள்.

## அறிகுறி 5: கரன்ட் போய் வந்தபின் கோளாறு

போன இரவைப் பற்றிக் கவலை வேண்டாம். நம் கரையில் அறை 24-க்குக் கீழே இறங்குவதே அபூர்வம், ஒரு ராத்திரி ஹீட்டர் இல்லாமல் பாம்புக்கு ஒன்றும் ஆகாது. மெழுகுவர்த்தி, கரி அடுப்பு என்று எதையாவது ஏற்றி வைப்பதில்தான் ஆபத்து. 2024 நவம்பர் 20-ல் ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் மேகம் உடைந்து கொட்டியது மாதிரியான நாளில் எல்லாப் பிளக்கையும் பிடுங்கி, தரையில் இருக்கும் கூண்டை மேசைக்கு ஏற்றிவிடுங்கள், அது போதும்.

கரன்ட் வந்ததும் முதலில் வைத்த அளவு மாறாமல் இருக்கிறதா பாருங்கள். சில மாடல்கள் அணைந்து வந்தால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் தெர்மோஸ்டாட் ரீங்காரம் போட்டாலோ, எண் குதித்தாலோ அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கும். டிம்மர் வகைத் தெர்மோஸ்டாட்டுக்கும் அதற்கும் ஒத்துவராது. ஹீட்டரை இன்வெர்ட்டர் லைனிலிருந்து எடுத்துவிடுவதே மலிவான வழி.

## அறிகுறி 6: கூண்டில் எல்லாம் சரி, பாம்பு சரியில்லை

### ஓயாமல் சுற்றுகிறது, அல்லது தண்ணீரிலேயே கிடக்கிறது

சூட்டைத்தான் முதலில் பாருங்கள்; பாம்பு படுத்த இடத்தின் தரையை அளக்க வேண்டும், காற்றை அல்ல. சூடு சரியென்றால் தண்ணீரில் கறுப்புப் புள்ளிகள் மிதக்கின்றனவா என்று பாருங்கள். அது உண்ணி. கண் பால் பூத்திருந்தால் தோல் உரிக்கப் போகிறது, விட்டுவிடுங்கள்.

### அடிவயிற்றில் சிவப்பு, கொப்புளம், பழுப்பேறிய செதில்

சூட்டுப் புண். ஹீட்டரைப் பிடுங்குங்கள். நார்த்தூளை எல்லாம் எடுத்துவிட்டு வெள்ளைத் துணியோ டிஷ்யூவோ விரியுங்கள். மஞ்சள், தேங்காய் எண்ணெய், பேஸ்ட் எதையும் தடவக் கூடாது. மேலுக்குச் சின்னதாகத் தெரியும் புண் உள்ளே ஆழமாக இருக்கும், டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். ஹீட் ராக் எனப்படும் சூடேறும் கல் கூண்டில் இருந்தால் அதுதான் குற்றவாளி. திரும்ப உள்ளே வைக்காதீர்கள்.

### இரையைக் கக்கிவிட்டது

சூடான மூலையில் சூடு குறைந்தால் செரிக்காது. அதிகமானாலும் கக்கும். அறிகுறி 1, 2 இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். அடுத்த இரை 10 முதல் 14 நாள் கழித்து, வழக்கத்தைவிடச் சின்னதாக. மறுபடி கக்கினால் டாக்டர்.

### வாயைத் திறந்து மூச்சு விடுகிறது, மூக்கில் குமிழ், விசில் சத்தம்

நுரையீரல் தொற்றாக இருக்கலாம். சூட்டைக் கூட்டினால் சரியாகும் என்று நாள் கடத்த வேண்டாம். கூண்டு கொதித்த நாளில் தலையை மேலே தூக்கியபடி வெறித்தாலோ, புரட்டிப் போட்டால் திரும்பிக்கொள்ளாமல் கிடந்தாலோ அதுவும் அவசரம். குளிர்ந்த அறைக்கு மாற்றி, உடனே கிளம்புங்கள். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் பாம்பு பார்த்துப் பழகியவர் இல்லையென்றால் திருநெல்வேலி அல்லது ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி, இல்லையேல் சென்னை வேப்பேரி. போகும் முன் போனில் கேட்டுக்கொள்வது நல்லது. கூண்டின் இரண்டு மூலைச் சூட்டையும் எழுதிக்கொண்டு போங்கள், அவர்கள் முதலில் கேட்பதே அதுதான்.

## அறிகுறி 7: தோல் துண்டு துண்டாக உரிகிறது

கடற்கரை ஈரத்தில் இது வரக் கூடாது. வந்தால் ஏசியோ பல்போ காற்றைக் காய வைக்கிறது. பல்புக்குப் பதில் மேட்டுக்கு மாறுங்கள், ஏசி காற்று கூண்டில் நேராக அடிக்காமல் திருப்புங்கள், கவிழ்த்த மண்சட்டிக்குள் ஈரமான தேங்காய் நார் வையுங்கள். ஒட்டியிருக்கும் தோலை இழுக்காதீர்கள், முக்கியமாகக் கண் மேல் இருப்பதை. அடுத்த உரிப்பிலும் கண் மேல் இருக்கும் தோல் கழலவில்லையென்றால் அதை எடுப்பது டாக்டரின் வேலை.